பாம்புக்கடிக்கு ஓடும் ஊர்

ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும், மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், கோயில் தர்மகர்த்தாக்களுக்கும், மரத்தடியில் உட்கார்ந்து ஊர் வழக்குத் தீர்க்கும் பெரியவர்களுக்கும்,



இரவு எட்டு மணிக்குக் கரும்புக்காட்டில் தண்ணீர் கட்டப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வையுங்கள். யார் வீட்டு வேன் நிற்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கும், கூட யார் போவது, அவர் வீட்டு மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். யாரும் கூட்டம் போட மாட்டார்கள். “அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?” என்று கடிபட்டவரிடம் கேட்க மாட்டார்கள். பாம்பின் எதிர்காலம் பாழாகிவிடுமே என்று கவலைப்படுகிறவரும் ஊரில் கிடையாது.

அதே ஊரில் ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ பாலியல் வன்கொடுமை நடந்துவிட்டால் நிலைமை வேறு. ஓடவேண்டியவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காரவேண்டியவர்கள் வீடு வீடாக ஓடுகிறார்கள், சேதி சொல்ல. நெருக்கடி நேரத்தில் ஊர் சேர்ந்து நிற்கும் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது, தடுமாறாமல் இருக்க என்ன ஏற்பாடு வேண்டும் என்று பேசத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு சொல். “கற்பழிப்பு” என்று இன்னும் நம் வாயில் வருகிறது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: அழிந்தது அவளுடைய கற்பு. செய்தவன் அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை. போனது அவளுடைய பொருள், அதனால் வெட்கமும் அவளுடையது என்று மொழியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. “வன்புணர்வு”, “பாலியல் வன்கொடுமை” என்று சொன்னால் வன்முறை செய்தவன் கண்முன் வந்து நிற்பான். பத்திரிகைகள் பலவும் பழைய சொல்லைக் கைவிட்டுவிட்டன. பஞ்சாயத்து அலுவலகத்திலும் கைவிடலாம்.

அடுத்தது நேரக் கணக்கு. இந்த விவகாரத்தில் ஊருக்குத் தெரியாமலே போய்விடுகிற விஷயம் இதுதான். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் தொடர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. உடலில் இருக்கும் தடயங்களை 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறை. நான்கு நாள். “முதல்ல பெரியவங்க பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்” என்று ஊர் எடுத்துக்கொள்கிற அவகாசமும் பெரும்பாலும் அதே நான்கு நாள்தான்.

குளித்துவிட்டாள், துணியைத் துவைத்துவிட்டார்கள் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், போக வேண்டும். துவைக்காத துணி இருந்தால் பிளாஸ்டிக் பையில் திணிக்கக் கூடாது, ஈரம் தேங்கித் தடயம் கெட்டுவிடும். காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும். இதையெல்லாம் செவிலியர் ஒருவர் மகளிர் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தொட்டில் குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி சொல்லும் அதே குரலில்.

ஆஸ்பத்திரி வாசலில் “போலீசில் எழுதி வாங்கிட்டு வாங்க” என்றால் அது சட்டவிரோதம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக, உடனே தர வேண்டும். மறுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலருக்கு 199-ஆவது பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டாண்டு கடுங்காவல். “எங்க எல்லை இல்ல” என்ற பதிலும் செல்லாது. எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றலாம். இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றாலே பல நேரம் காரியம் நடக்கிறது.

“இரு விரல் பரிசோதனை” என்றொரு அவமானம் வெகுகாலம் மருத்துவத்தின் பெயரால் நடந்தது. பெண்ணின் பழைய பழக்கத்தை விரலால் அளந்துவிடலாம் என்ற மூடநம்பிக்கைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்ட சோதனை அது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதைத் தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, அதைச் செய்பவர் தொழில்முறை ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கூடப் போகிறவர். மடலின் மையம் இவர்தான்.

ஒரு பெண் நடந்ததை எத்தனை பேரிடம் சொல்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அம்மாவிடம், சித்தியிடம், அழுகுரல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், வார்டு உறுப்பினரிடம், தலைவரிடம், தலைவர் வீட்டுக்காரரிடம், கட்சிக்காரரிடம், இரண்டு பத்திரிகை நிருபர்களிடம். காவல் நிலையம் போவதற்குள்ளேயே இவ்வளவு. சட்டத்துக்கு வேண்டியதோ நான்கே இடம்: காவல்துறை, மருத்துவர், மாஜிஸ்திரேட், விசாரணை நீதிமன்றம். மீதியெல்லாம் ஊரின் ஆவல். அக்கறை என்று நினைத்துக் கேட்கிறோம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் வருகிறாள். சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை மாறும். அந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று வருடம் கழித்துக் கூண்டில் வைத்துக் கேட்பார்.

அதனால் ஒருவர் போதும். அவள் நம்பிப் பேசக்கூடிய ஒரு பெண். மகளிர் குழு ஊக்குநராக இருக்கலாம், அங்கன்வாடி டீச்சராக இருக்கலாம், படிப்பில்லாத ஒரு பெரியம்மாவாகவும் இருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் வசனம், “நீ சொல்றத நான் நம்புறேன் தாயி.” இரண்டாவது, “இப்ப உனக்கு என்ன செய்யணும்னு தோணுது?” கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருத்தல்தான் கஷ்டம்.

சட்டமே இப்படி ஒரு பெண்ணுக்கு இடம் வைத்திருக்கிறது. வன்புணர்வுக்கு ஆளானவரின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியைக் கொண்டு, பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் அல்லது அந்தப் பகுதியின் சமூகப் பணியாளர் உடனிருக்கப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதற்குப் பிறகும் இரண்டாண்டோ மூன்றாண்டோ வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றம் போய் வர அவளுக்குத் துணை வேண்டும். குழந்தைகள் வழக்கென்றால் துணைநபர் ஒருவர் கிடைக்கச் செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. குழந்தை என்றால் பெண் குழந்தை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தே காக்கிறது, ஊர் இன்னும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இனி ஒரு சிக்கல். அவளைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்கிறோம். 18 வயது ஆனவர் என்றால் அது சரி. சிகிச்சை மட்டும் போதும், போலீஸ் வேண்டாம் என்று அவர் சொன்னால் மருத்துவர் அதை எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சை தர வேண்டும் என்பதே 2014 நெறிமுறை. “கேஸ் கொடுத்தே ஆகணும்” என்று அவரைத் தள்ளுகிற வீராவேசமும், “கேஸே வேண்டாம்” என்று அமுக்குகிற கௌரவமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டிலும் முடிவு அவர் கையை விட்டுப் போகிறது. ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தலைமை ஆசிரியர் பள்ளியின் பெயரைக் காக்க மறைத்தால் அவரே குற்றவாளி. இங்கே குழந்தையின் விருப்பத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது. யார் கூட வருவது, எங்கே வைத்துப் பேசுவது, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்று சின்னச் சின்ன முடிவுகளையாவது அதன் கையில் விடலாம். போலீசுக்குப் போய்விடுமே என்ற பயத்தில் கருக்கலைப்புக்குப் போலி வைத்தியரிடம் போகும் சிறுமிகளை நினைத்துத்தான், பாதுகாப்பான கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரை மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது.

ரகசியம் பற்றி ஊருக்கு மட்டும் பாடம் நடத்தினால் நியாயமாகாது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் அதிகாரியும் அரசாணையும்தான் வெளியே விட்டன. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். அரசுக்கு அது உறைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. மறுபடி உயர் நீதிமன்றம், மறுபடி 25 லட்சம். பெரிய அலுவலகங்களின் லட்சணம் இது. அதற்காக ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு விலக்குக் கிடைக்காது. பெயர் போடாமல் “மேலத்தெரு, டீக்கடை பக்கத்து வீடு, பத்தாம் வகுப்பு” என்று எழுதினாலும் அடையாளம் சொன்னதுதான், இரண்டாண்டு வரை சிறை உண்டு. நீதி கேட்டு வைக்கும் பிளக்ஸில் பெண்ணின் படம் போடுவதும் அதே குற்றம். இறந்துபோன பெண்ணின் பெயரையும் வெளியிடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம் பிளக்ஸ் கடைகள் இன்னும் கேள்விப்படவில்லை.

அதே பொள்ளாச்சி வழக்கில் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. ஆறு ஆண்டு இழுத்த வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. இந்த மாதிரி வழக்குகளில் சாட்சி பிறழ்வது எவ்வளவு சாதாரணம் என்று நீதிமன்ற வராந்தாவில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மரத்தடிப் பெரியவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. “அவனையே கட்டி வெச்சிடலாம்” என்பது உங்களுக்கு மட்டும் தோன்றிய யோசனை அல்ல. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே, தண்டனை பெற்றவனுக்கு ஜாமீன் கொடுத்து அந்தப் பெண்ணோடு சமரசம் பேசி வரச் சொன்னார். அந்தப் பெண் மறுத்தார். சில நாளில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், வன்புணர்வில் சமரசத்துக்கே இடமில்லை என்று கடுமையாகச் சொல்ல, இங்கே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் மரத்தடிக்கு எங்கிருந்து வரும்? அபராதப் பணம் வாங்கிக் கோயில் உண்டியலில் போடும் கதைகளும் ஊரில் உண்டு. சாமி அந்தக் காசை என்ன செய்யும் என்று பூசாரியைத்தான் கேட்க வேண்டும்.

ஊர் முழுக்கச் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் 269 பேர் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் இறங்கினார்கள். ஊரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். இளம்பெண்கள் 18 பேரை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்வு செய்தார்கள், அதில் பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் உண்டு. பிறகு பெண்களையும் குழந்தைகளையும் திருடர்கள் என்று சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக் குடிக்க முடியாமல் நாசம் செய்தார்கள்.

யாரிடம் புகார் சொல்வது? வந்தவர்களே போலீஸ். வந்தவர்களே அரசாங்கம்.

அந்த ஊருக்குத் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் வந்தது. மார்க்சிஸ்ட் கட்சி வந்தது, அதன் மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் வழக்குக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். மாதர் சங்கத்தினர் வந்தார்கள். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து, மக்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. ஒருவர் செய்ததை மற்றவர் செய்யவில்லை: ஊர் சாட்சி சொன்னது, சங்கம் கூட நின்றது, வக்கீல்கள் வாதாடினார்கள், அதிகாரி ஒருவர் உண்மையை எழுதினார். ஒருங்கிணைப்பு என்ற நீளமான சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் அகராதியில் கிடைக்காது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள், மிஞ்சிய 215 பேருக்குத் தண்டனை. அவர்களில் 17 பேர் வன்புணர்வுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு ஆண்டு இழுத்தது. நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். முப்பத்தோரு வருடம். சிறுமியாக இருந்தவர் நடுவயதைத் தொட்டுவிட்டார். அத்தனை வருடத்திலும் அந்த ஊர் அந்தப் பெண்களை விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், வாய்தாவுக்குப் போனார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் மேடையில் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. வாச்சாத்தியில் குற்றவாளி வெளியிலிருந்து சீருடையில் வந்தான். உங்கள் ஊரில் அப்படி வரமாட்டான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டு தவறாமல், பத்துக்கு ஒன்பது வழக்குகளுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். மாமன் மகன், டியூஷன் மாஸ்டர், முதலாளி, நாட்டாமையின் தம்பி. திருவிழாவுக்கு அதிக வரி கொடுக்கிற குடும்பமாகவும் இருக்கும். அவள் சேரியிலும் அவன் ஊருக்குள்ளும் இருந்தால், “ஊர் ஒண்ணா நிக்குது” என்ற பேச்சே அவளுக்கு எதிரான படையாகிவிடும். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அவளுக்கு உரிய நிவாரணத்தில் பாதி, மருத்துவப் பரிசோதனை முடிந்ததுமே வர வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்ல அந்த ஊரில் ஆள் இருக்க மாட்டார். அப்போது கூடப் போகிறவர் ஊருக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும்: மாவட்டத்தின் சகி ஒருங்கிணைந்த சேவை மையம், பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098, இலவச வக்கீலுக்கும் இழப்பீட்டுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100. இந்த எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் மட்டும் எழுதினால் பயனில்லை, அங்கே அவன் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் எழுதுங்கள். ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், மில் வேன் நிற்கும் இடத்தில் எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்த சபையில் தண்ணீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் நடுவே இதற்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். எந்த வழக்கையும் பேசத் தேவையில்லை, எவர் பெயரும் வேண்டாம். நடப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டியவை நான்கைந்துதான். கூடப் போகப் பழகிய இரண்டு பெண்கள், ஒருவர் சேரியிலிருந்து, ஒருவர் ஊரிலிருந்து. நடுராத்திரியில் கேள்வி கேட்காமல் வண்டி எடுக்கும் ஒரு டிரைவர். நீதிமன்றம் போகிற நாளின் கூலிக்கும் பஸ் செலவுக்கும் மகளிர் குழுக் கணக்கிலிருந்து ஒரு தொகை. அவள் வீட்டு வாசலில் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். மரத்தடிப் பெரியவர்களில் ஒருவரே அந்த வேலைக்குப் பொருத்தம், அவர் சொன்னால்தான் கலைவார்கள்.

தீர்மானம் எழுதியதும் அந்த டிரைவரின் கைபேசி எண்ணை எல்லாப் பெண்களிடமும் கொடுத்துவிடுங்கள். பாம்புக்கடிக்கும் அதே எண் உதவும்.